டெல்டாவில் நில அதிர்வு அளக்கிறீர்களா? புதைபொருள் கெடுத்த பதிவை அறிகுறி வைத்துச் சரிசெய்யும் வழிமுறை

காவிரி டெல்டாவில் ஜியோஃபோன் (மண்ணில் ஊன்றும் அதிர்வு உணரி) ஊன்றி நில அதிர்வு அளக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பெரும்பாலும் வேலை இதுதான்: தரையில் வைத்த தகட்டைச் சுத்தியலால் அடித்து, அந்த அலை வரிசையாக ஊன்றிய ஜியோஃபோன்களுக்கு எப்போது வந்து சேர்கிறது என்று பதிவது. பாலத்துக்கு அடித்தளம் போடுமுன் மண் பார்க்கிறவர், ரோடு வேலையால் பக்கத்து வீட்டுச் சுவரில் விரிசல் விட்டதா என்று பார்க்கப் போகிறவர், புராஜெக்டுக்காக 24 சேனல் கருவியோடு (ஒரு ஜியோஃபோனுக்கு ஒரு சேனல்) வரப்பில் நடக்கும் மாணவர், எல்லாருக்கும் வரும் சிக்கல் ஒன்றுதான். பதிவு கோணலாக வருகிறது. குற்றம் கருவியிலா, மண்ணிலா, மண்ணுக்குள் யாரோ எப்போதோ விட்டுப்போன பொருளிலா என்று தெரியவில்லை.

டெல்டாவில் மூன்றாவதைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். வண்டலும் களியும் மணலும் அடுக்கடுக்காகப் படிந்த நிலம் இது. தஞ்சாவூருக்குக் கிழக்கே போனால் சுத்தியல் அடிக்கு எட்டுகிற ஆழத்தில் பாறையே கிடையாது. ஆனால் மேல் இரண்டு மூன்று மீட்டரில் தூர்ந்த வாய்க்கால், செப்டிக் டேங்க், கூட்டுக் குடிநீர்க் குழாய், கைவிட்ட ஃபில்டர் பாயிண்ட் (ஆழமில்லாத குழாய்க் கிணறு), பழைய செங்கல் அடித்தளம் என்று ஏகப்பட்டது கிடக்கிறது. இன்று நேற்று வந்ததும் அல்ல. பூம்புகாரை அடுத்த கீழையூரில் செங்கல்லால் கட்டிய பழைய படகுத்துறை அகழாய்வில் வெளிப்பட்டது. அந்தக் கடற்கரையில் சுடுமண் உறைகிணறுகளும் கிடைத்திருக்கின்றன. தஞ்சாவூர் நகரத்துக்கு அடியில் சிவகங்கைக் குளத்தையும் அய்யன்குளத்தையும் இணைத்த பழைய நீர்வழி இருக்கிறது.

முதலில் அலைநீளத்தைக் கணக்குப் போடுங்கள்

எந்தப் பொருள் அலையைத் தொந்தரவு செய்யும், எது செய்யாது என்பதை முடிவு செய்வது அலைநீளம். வேகத்தை அதிர்வெண்ணால் வகுத்தால் அலைநீளம். டெல்டாவின் இளகிய களியில் மேற்பரப்பில் ஓடும் ராலே அலை நொடிக்கு 120 மீட்டர் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 30 ஹெர்ட்ஸில் அலைநீளம் 4 மீட்டர், 10 ஹெர்ட்ஸில் 12 மீட்டர். ஒரு பொருள் அலைநீளத்தில் கால் பங்காவது இருந்தால்தான் அலை அதைப் பெரிதாகப் பொருட்படுத்தும். ஆக, ஒரு மீட்டர் அகலமுள்ள குழாய்ப் பாலம் 30 ஹெர்ட்ஸ் அலையைக் குலைக்கும். 10 ஹெர்ட்ஸ் அலை அதை ஏறக்குறைய கண்டுகொள்ளாமல் போய்விடும். ஒரே பதிவில் உயர் அதிர்வெண் கெட்டுத் தாழ் அதிர்வெண் நன்றாக இருந்தால், ஆழமில்லாத சிறிய பொருள் என்று அங்கேயே பாதி முடிவாகிவிடும்.

வயலில் கேபிளை விரித்ததுமே "கீழே சிலை கிலை இருக்கா சார்?" என்று யாராவது கேட்பார்கள். கேட்பதில் தப்பில்லை. 2023 ஏப்ரலில் சீர்காழி சட்டைநாதர் கோயிலில் மண் தோண்டியபோது ஐம்பொன் சிலைகளும் தேவாரம் பொறித்த செப்பேடுகளும் கிடைத்த ஊர்ப்பக்கம் இது. ஆனால் அரை மீட்டர் சிலையை 4 மீட்டர் அலையால் பார்க்க முடியாது. அதைப் பொறுமையாகச் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் கிளம்பிய பிறகு அந்த இடத்தை யாராவது தோண்டிப் பார்ப்பார்கள்.

எந்த அறிகுறி என்றாலும் முதலில் மூன்று மாற்றம்

சந்தேகப்படும் ஜியோஃபோனைப் பக்கத்து ஜியோஃபோனோடு இடம் மாற்றுங்கள். கோளாறு ஜியோஃபோனோடு கூடவே போனால் குற்றம் ஜியோஃபோனில். பிறகு முழு வரிசையையும் நீளவாக்கில் ஓர் இடைவெளி நகர்த்துங்கள். கோளாறு அதே சேனல் எண்ணில் ஒட்டிக்கொண்டிருந்தால் கேபிளில். சேனல் மாறியும் நிலத்தில் அதே இடத்திலேயே நின்றால் மண்ணுக்குள் ஏதோ இருக்கிறது. கடைசியாக, மறுமுனையிலிருந்து அடியுங்கள். மூன்றும் சேர்ந்து அரைமணி நேரம்கூட ஆகாது. இதைச் செய்யாமல் கணினியில் உட்கார்ந்து ஃபில்டர் மேல் ஃபில்டர் போடுவதை நான் ஒப்பவே மாட்டேன். களத்தில் தெரியாதது மேசையில் தெரியாது.

அறிகுறி: ஒரு சேனல் மட்டும் தனியாக நிற்கிறது

ஜியோஃபோனும் கேபிளும் சரி என்றால் ஜியோஃபோனின் ஸ்பைக் (அடியில் இருக்கும் கூர்முனை) இறங்கிய இடத்தைப் பாருங்கள். டெல்டாவில் வரப்பு மேல் ஊன்றுவது வசதி, ஆனால் வரப்பு முழுக்க எலி வளையும் நண்டு வளையும். ஒரு முழம் தள்ளி, வேரும் வளையும் இல்லாத கெட்டியான மண்ணில் ஊன்றுங்கள். ஸ்பைக் பாதியில் 'ணங்' என்று நின்றால் கீழே செங்கல், அங்கே விடாதீர்கள்.

அறிகுறி: நாலைந்து சேனல்களில் அலை முந்தி வருகிறது, அதுவும் ஏறக்குறைய ஒரே நேரத்தில்

ஈரமில்லாத மேல்மண்ணில் பி அலை (மண்ணை அழுத்தி விரித்துக்கொண்டு போகும், முதலில் வந்து சேரும் அலை) நொடிக்கு 400 மீட்டர் என்றால், 2 மீட்டர் இடைவெளிக்கு 5 மில்லி செகண்ட் தாமதம் வர வேண்டும். கான்கிரீட்டுக்குள் அது 3,500 மீட்டருக்கு மேல் ஓடும். அப்போது அதே 2 மீட்டருக்கு 0.6 மில்லி செகண்ட் கூட ஆகாது. பதிவில் நாலைந்து சேனல்களின் முதல் துடிப்பு படுத்த கோடாகத் தெரிந்தால் வரிசைக்கு அடியில், வரிசையின் போக்கிலேயே கான்கிரீட் ஓடுகிறது: மூடிய வடிகால், பழைய சாலைத் தளம், களத்துமேட்டுச் சிமெண்ட் தரை.

செய்ய வேண்டியது: முழு வரிசையையும் பக்கவாட்டில் 3 மீட்டர் தள்ளிப் போட்டு மறுபடி அடியுங்கள். இயற்கை அடுக்கு 3 மீட்டரில் மாயமாகாது. மாயமானால் அது மனிதர் போட்டது.

முந்தி வரும் துடிப்பு மிகச் சன்னமாக, ஒன்றிரண்டு சேனலில் மட்டும் இருந்தால் இரும்புக் குழாயைத் தேடுங்கள். இரும்பில் அலை நொடிக்கு 5,000 மீட்டர் ஓடும், ஆனால் மெல்லிய குழாய் சுமக்கும் ஆற்றல் குறைவு. பிவிசி குழாய் பெரும்பாலும் தெரியாது. தெரிவது அதற்காகத் தோண்டி, சரியாக இடிக்காமல் மூடிய பள்ளம். அது முந்தி வராது, பிந்தி வரும். எரிவாயு, எண்ணெய்க் குழாய் போகும் ஊர்களில் அடையாளக் கல் நட்டிருப்பார்கள். கல்லைப் பார்த்தால் அந்த இடத்தில் ஸ்பைக்கும் வேண்டாம், சுத்தியலும் வேண்டாம். உரியவர்களிடம் அனுமதி வாங்கிய பிறகு பேசலாம்.

அறிகுறி: ஓரிடத்தில் அலை தாமதிக்கிறது, அல்லது அதைத் தாண்டியதும் தளர்ந்துவிடுகிறது

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. அந்த இடத்து ஜியோஃபோன்களில் மட்டும் தாமதம், தாண்டியதும் பழைய கோட்டுக்கே திரும்புகிறது என்றால், அலை ஆழத்தில் நீர்மட்டத்தை ஒட்டி ஓடி மேலே ஏறி வருகிறது. ஏறும் வழியில்தான் இளகிய குழி இருக்கிறது. தாமதம் கடைசி சேனல் வரை தொடர்ந்தால் அலை மேல்மண் வழியாகவே, அந்தக் குழியை ஊடுருவியோ சுற்றியோ போயிருக்கிறது. முதல் வகையில் அந்தச் சேனல்களுக்கு மட்டும் நேரத் திருத்தம் கொடுத்தால் போதும். இரண்டாம் வகையில் வரிசையையே மாற்ற வேண்டும்.

குழி எது என்று கண்டுபிடிக்கத் தோண்டத் தேவையில்லை. கிராம நிர்வாக அலுவலரிடம் புல வரைபடம் கேளுங்கள். நிலத்தில் இன்று வீட்டுமனையாகத் தெரிவது வரைபடத்தில் வாய்க்கால் புறம்போக்காக இருக்கும். தூர்த்தவர்கள் குப்பையும் கட்டட இடிபாடும் போட்டுத்தான் தூர்த்திருப்பார்கள். வரைபடத்திலும் இல்லாததை ஊர்ப் பெரியவர்கள் சொல்வார்கள். "இங்கன ஒரு மதகு இருந்துச்சு தம்பி, அந்தப் பெரிய வெள்ளத்துல போயிடுச்சு" என்று அவர் கையால் காட்டும் திசையைக் குறித்துக்கொள்ளுங்கள். அதிர்வு அளக்கிற வேலையில் அந்தக் குறிப்புக்கு நான் நிறைய மதிப்பு கொடுக்கிறேன்.

அறிகுறி: அடி ஓய்ந்த பிறகும் ஜியோஃபோன் ஆடிக்கொண்டே இருக்கிறது

முதலில் ஊன்றியது தளர்வா என்று பாருங்கள். காலால் மண்ணை மிதித்து இறுக்கி மறுபடி அடியுங்கள். ஆட்டம் போகவில்லையா? அடிக்கும் தூரத்தையும் அடிக்கும் தகட்டையும் மாற்றுங்கள். அப்போதும் அதே அதிர்வெண்ணில் ஆடினால், ஆடுவது ஜியோஃபோனுக்குக் கீழே இருக்கும் ஏதோ ஒன்று. செப்டிக் டேங்க் மூடி, குழாய்ப் பாலத்தின் மேல்தளம் மாதிரி அடியில் வெற்றிடம் உள்ள பலகைகள் தமக்கென்று ஓர் அதிர்வெண் வைத்திருக்கும். எந்த அடி வந்தாலும் அதே அதிர்வெண்ணில்தான் ஆடும். தரைக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் போர்வெல் கேசிங்கும் இப்படித்தான். அதன் மேல் மணல் மூட்டையைச் சாய்த்து மறுபடி அடித்துப் பாருங்கள். ஆட்டம் அடங்கினால் குற்றவாளி அதுவே.

அறிகுறி: வரிசையின் தொடக்கத்திலேயே நொடிக்கு 1,500 மீட்டர், மென்பொருள் "கடினப் படிவம்" என்கிறது

இந்த இடத்தில்தான் அதிகமாக ஏமாறுகிறார்கள். 1,500 என்பது நீரில் பி அலையின் வேகம். மண்ணின் துளைகள் முழுக்க நீர் நிரம்பியதும் பி அலை மண்ணின் கெட்டித்தன்மையைக் காட்டுவதை விட்டு நீரின் வேகத்தைக் காட்ட ஆரம்பித்துவிடும். மண் கூழாக இருந்தாலும் சரி, 1,500 வரும். அதைப் பார்த்து "இங்கே நல்ல கெட்டி" என்று எழுதி, அதன் மேல் அடித்தளம் போட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

கணக்காகப் பாருங்கள். மேல்மண் 400, நீர்மட்டம் 2 மீட்டர் ஆழம், கீழே 1,500. நேரே வரும் அலையை நீர்மட்ட அலை முந்துகிற தூரம் ஏறக்குறைய 5.3 மீட்டர். ஜியோஃபோன்களை 2 மீட்டருக்கு ஒன்று வைத்தால் மேல்மண்ணைப் பற்றிச் சொல்ல உங்களிடம் இரண்டே புள்ளிகள் இருக்கும். அந்த இரண்டில் ஒன்றின் அடியில் ஒரு செங்கல் குவியல் இருந்தாலும் மேல்மண் வேகமே தப்பாகும், அதை வைத்துக் கணக்கிடும் ஆழமும் தப்பாகும். அடிக்கும் இடத்தை ஒட்டிய ஜியோஃபோன்களை அரை மீட்டர் இடைவெளியில் நெருக்கி வையுங்கள்.

மண்ணின் உண்மையான கெட்டித்தன்மை தெரிய எஸ் அலையையோ (மண்ணைப் பக்கவாட்டில் அசைத்துக்கொண்டு போகும் அலை) ராலே அலையையோ கேளுங்கள். நீருக்குப் பக்கவாட்டு விறைப்பு கிடையாது, அதனால் எஸ் அலை நீரால் ஏமாறாது. பி அலை 1,500, எஸ் அலை 120 என்று வந்தால் அது நீர் நிறைந்த இளகிய களி. இரண்டுமே உயர்ந்தால்தான் கெட்டி. இரண்டும் உயர்ந்து, ஆனால் வரிசையைப் பக்கவாட்டில் தள்ளினால் மறைந்தால், மேலே சொன்ன கான்கிரீட் கதைக்குத் திரும்புங்கள்.

அறிகுறி: பக்கத்துக் கிணற்றில் ஒன்றரை மீட்டரில் தண்ணீர் தெரிகிறது, பதிவில் 1,500 வரவே இல்லை

இது கருவிக் கோளாறு போலவே தோன்றும், ஆனால் பெரும்பாலும் காற்று. மண் துளைகளில் நூற்றில் ஒரு பங்கு காற்றுக் குமிழ் இருந்தாலே பி அலையின் வேகம் வெகுவாக இறங்கிவிடும். தழையும் குப்பையும் மக்கும் தூர்ந்த குளத்து மண், முத்துப்பேட்டைப் பக்கத்து அலையாத்திச் சேறு, இப்போதுதான் தண்ணீர் கட்டிய வயல், எல்லாவற்றிலும் குமிழ் சிக்கியிருக்கும். வரிசையில் ஒரு துண்டில் மட்டும் 1,500 விட்டுப்போயிருந்தால் அந்தத் துண்டு பழைய குட்டையாக இருக்கலாம். சேற்றில் குச்சியைச் செருகிப் பாருங்கள், குமிழ் வந்தால் விடை கிடைத்தது.

அறிகுறி: ராலே அலைக் கோடுகளுக்குக் குறுக்கே எதிர்ப்பக்கம் சாயும் கோடு

அடித்த இடத்திலிருந்து விலகிப் போகும் அலை பதிவில் ஒரு பக்கம் சாய்வாக இருக்கும். நடுவில் ஓரிடத்திலிருந்து எதிர்ச் சாய்வில் ஒரு கோடு கிளம்பினால், அங்கே அலை ஒரு பொருளில் மோதித் திரும்புகிறது. இரண்டு கோடுகளும் சந்திக்கும் சேனலைக் குறித்துக்கொள்ளுங்கள், பொருள் அதற்கு நேர் கீழே. எதிர்க்கோடு நேராக இல்லாமல் வளைந்து, நடுவில் ஒரு முகடோடு இருந்தால் பொருள் வரிசைக்கு அடியில் இல்லை, பக்கத்தில் இருக்கிறது. முகடு இருக்கும் சேனலுக்கு நேரே பக்கவாட்டில் தேடுங்கள்.

இதைக் கவனிக்காமல் மேற்பரப்பு அலை ஆய்வு செய்தால், வேகமும் அதிர்வெண்ணும் சேர்ந்த படம் துண்டு துண்டாக உடையும். மென்பொருள் அந்த உடைசலை அடுக்கு மாற்றமாகப் படித்து, களிக்கு நடுவே இல்லாத ஒரு கெட்டி அடுக்கை வரைந்து கொடுக்கும். பொருளுக்கு ஒரே பக்கமாக வரிசை முழுவதும் அமையும்படி நகர்த்துங்கள். நகர்த்த இடமில்லையா, திரும்பி வரும் அலையைத் திசை வடிகட்டியால் நீக்குங்கள். எதைச் செய்தாலும் இரு முனையிலும் அடித்த பதிவுகள் ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகுதான் முடிவு எழுத வேண்டும்.

அறிகுறி: இடைவிடாத இரைச்சல்

அதிர்வெண்ணைப் படியுங்கள். சரியாக 50 ஹெர்ட்ஸ் என்றால் மின்கம்பி. ஜியோஃபோனைத் தூக்கிக் கையில் வைத்தாலும் போகாது. 48-ஐ ஒட்டியோ 24-ஐ ஒட்டியோ இருந்தால் பம்புசெட் மோட்டார், அது நிஜமான நில அதிர்வு. மோட்டாரிலிருந்து விலக விலகக் குறையாமல் ஒரு கோட்டில் மட்டும் பலமாக இருந்தால், அந்தக் கோட்டில் புதைந்த தண்ணீர்க் குழாய் ஓடுகிறது. வயல்காரரிடம் மோட்டாரைப் பத்து நிமிடம் நிறுத்தச் சொல்லிக் கேளுங்கள். பாய்ச்சலை முடிக்கட்டும் என்று காத்திருந்து கேட்டால் யாரும் மறுப்பதில்லை.

அறிகுறி: சாலையிலிருந்து ஒரே தூரத்தில் இரண்டு வீடு, இரண்டு வெவ்வேறு அளவு

அதிர்வு ரோலர் ஓடுகிறது. இரண்டு வீடும் 15 மீட்டரில். ஒன்றில் துகள் உச்ச வேகம் (மண் ஆடும் வேகத்தின் உச்சம்) நொடிக்கு 4 மி.மீ., மற்றதில் 1.5 என்று வைத்துக்கொள்வோம். யார் வீட்டு விரிசலுக்கு யார் பொறுப்பு என்பது இந்த எண்ணில் தொங்குகிறது. சுண்ணாம்புச் சாந்துச் சுவரும் நாட்டு ஓடுமாக நிற்கும் வீட்டுக்காரருக்கு வேறு சாட்சி கிடையாது. அதனால் இந்த ஓர் அறிகுறிக்கு மட்டும் எவ்வளவு நேரம் ஆனாலும் செலவழியுங்கள்.

குறைந்த எண் வந்த வீட்டுக்கும் சாலைக்கும் நடுவே வாய்க்கால் இருக்கிறதா பாருங்கள். ஆய்வாளர் ரிச்சர்ட் வுட்ஸ் 1968-இல் வெளியிட்ட களச்சோதனையின்படி, அதிர்வு எழும் இடத்தை ஒட்டி, ராலே அலையின் அலைநீளத்தில் 0.6 பங்கு ஆழமுள்ள திறந்த பள்ளம் அதற்கு அப்பால் அதிர்வை நாலில் ஒரு பங்காகக் குறைக்கும். 30 ஹெர்ட்ஸ் ரோலருக்கு, 4 மீட்டர் அலைக்கு, 2.4 மீட்டர் ஆழம் போதும். டெல்டாவில் அப்படிப்பட்ட வாய்க்கால் உண்டு. ஆனால் 10 ஹெர்ட்ஸ் அதிர்வை நிறுத்த 7 மீட்டருக்கு மேல் வேண்டும். ஆகவே 'வாய்க்கால் காப்பாற்றும்' என்று பொதுவாக எழுதாதீர்கள், எந்த அதிர்வெண்ணில் என்று எழுதுங்கள்.

எண் கூடுதலாக வந்த வீட்டில் உணரி எங்கே இருந்தது என்று பாருங்கள். டைல்ஸ் ஒட்டிய திண்ணையா, செப்டிக் டேங்க் மூடியா? அப்படியென்றால் நீங்கள் அளந்தது பலகையின் ஆட்டத்தை. உணரியை அடித்தளச் சுவரை ஒட்டிய இயற்கை மண்ணில் வைத்து மறுபடி அளங்கள். 30 ஹெர்ட்ஸில் நொடிக்கு 4 மி.மீ. என்பது புவியீர்ப்பு முடுக்கத்தில் 0.08 பங்குதான். 0.2 பங்குக்குக் கீழே புதைக்க வேண்டிய கட்டாயம் இல்லை, சமமான தரையில் வைத்து மணல் மூட்டை போட்டாலே நகராது. அதிர்வு பலமாக இருந்து புதைத்தே ஆக வேண்டும் என்றால், உணரி உயரத்தைப் போல் மூன்று மடங்கு ஆழக் குழி எடுத்து, எடுத்த மண்ணையே சுற்றிலும் இறுக்குங்கள். குழிக்குள் கான்கிரீட் கட்டி போடாதீர்கள். இளகிய களியில் கனமான கட்டி தானே ஒரு புதைபொருள் ஆகிவிடும். அதன் எடையால் உணரி ஆடும் அதிர்வெண் இறங்கி நீங்கள் அளக்கும் எல்லைக்குள்ளேயே வந்து நிற்கும். மண்ணழுத்த உணரி புதைப்பவர்களுக்கும் இதே பிரச்சினைதான்: சுற்று மண்ணைவிட விறைப்பான உணரி அழுத்தத்தைத் தன் பக்கம் இழுத்துக் கூடுதலாகக் காட்டும், இளகியது குறைத்துக் காட்டும்.

மூன்றாவது சாத்தியம், சாலையோரக் கான்கிரீட் வடிகால் சுவர் வீட்டின் அடித்தளத்தைத் தொட்டுக்கொண்டிருப்பது. அப்போது அதிர்வு மண்ணில் குறையாமல் சுவர் வழியாக நேரே ஏறும். இந்த நிலையில் 4 மி.மீ. என்பது கருவிப் பிழை அல்ல, வீடு உண்மையிலேயே படுகிற அதிர்வு. அதைத் திருத்திக் குறைக்க யாருக்கும் உரிமை இல்லை.

வரம்போடு ஒப்பிடும்போதும் அதிர்வெண் வேண்டும். சுரங்கப் பாதுகாப்பு தலைமை இயக்ககத்தின் 1997 சுற்றறிக்கை, வரலாற்றுச் சிறப்புள்ள, நொய்ந்த கட்டடங்களுக்கு 8 ஹெர்ட்ஸுக்குக் கீழே 2 மி.மீ., 25 வரை 5, அதற்கு மேல் 10 என்கிறது. அது சுரங்க வெடிக்காக வகுத்தது. ஜெர்மனியின் டின் 4150 தரம் இத்தகைய கட்டடங்களின் அடித்தளத்தில் 10 ஹெர்ட்ஸ் வரை 3, அங்கிருந்து 50 வரை 3 முதல் 8 மி.மீ. என்று ஏற்றிக்கொண்டு போகிறது. அதுவும் குறுநேர அதிர்வுக்கு. தொடர்ந்து ஓடும் ரோலருக்கு அதிலேயே தனியாக, இதைவிடக் கடுமையான அட்டவணை உண்டு. பலகையின் ஆட்டம் உச்சத்தை மட்டுமல்ல, அதிர்வெண்ணையும் மாற்றிவிடும். அப்புறம் தப்பான வரியில் வாசித்துத் தப்பான தீர்ப்பு எழுதுவீர்கள்.

அறிக்கையில் எண்ணோடு கூடவே இவற்றையும் எழுதுங்கள்: உணரிக்கு அடியில் என்ன, சாலைக்கும் வீட்டுக்கும் நடுவே என்ன, எந்த மோட்டார் ஓடியது, வாய்க்காலில் தண்ணீர் இருந்ததா. மேட்டூர் ஜூன் 12-ல் திறக்கிற ஆண்டில் மே மாதத்து டெல்டாவும் ஜூலை மாதத்து டெல்டாவும் அளவையில் வேறு வேறு நிலம். மேயில் காய்ந்த மண்ணில் எடுத்த பதிவை வைத்து, சம்பாவுக்குத் தண்ணீர் கட்டிய பிறகு ஓடும் ரோலரைப் பற்றிப் பேச வேண்டியிருந்தால், போய் மறுபடி அளந்துவிட்டு வாருங்கள்.